டென்யூர் கெடுவும் ஆய்விதழ்களின் தாமதமும்: நிதியியல் உதவிப் பேராசிரியர் ஒருவரின் அனுபவம்

அமெரிக்காவில் நிதியியலில் முனைவர் பட்டம் பெற்று, ஒரு பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து, ஆறாம் ஆண்டில் டென்யூர் என்னும் நிரந்தரப் பதவி மறுக்கப்பட்டு வெளியேறியவன் நான். இப்போது வேறொரு மாநிலத்தில், கற்பித்தலுக்கு முதலிடம் தரும் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணிபுரிகிறேன். முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் மாணவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஜிஆர்இ மதிப்பெண், உதவித்தொகை, பல்கலைக்கழகத்தின் தரவரிசை ஆகியவையே. ஒரு கட்டுரையை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அது நல்ல ஆய்விதழில் ஏற்கப்படும் நாள்வரை எத்தனை ஆண்டுகள் ஆகும், அந்த ஆண்டுகள் டென்யூர் கெடுவுக்குள்ளும் விசாக் கெடுவுக்குள்ளும் அடங்குமா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குச் சொல்வதற்கும் என் குடும்பத்திலோ நண்பர் வட்டத்திலோ அப்போது ஆளில்லை. ஆகவே நடந்ததை வரிசையாக, பண விவரங்களையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

திருச்சியில் பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அமெரிக்க வங்கிகளுக்கான நிரல்களை எழுதிக்கொண்டிருந்தேன். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, யாரோ எங்கோ வாங்கிய வீட்டுக் கடன் எங்கள் தளத்தில் இருந்தவர்களின் வேலையை எப்படிப் பறிக்கிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. அந்த ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பித்து 2009இல் முனைவர் படிப்பில் சேர்ந்தேன். இந்தப் படிப்பை எம்பிஏவின் தொடர்ச்சி என்று எண்ணி வருபவர்கள் முதல் பருவத்திலேயே திகைத்துப்போவார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் பொருளாதாரத் துறை மாணவர்களோடு அமர்ந்து நுண்பொருளியலும் பொருளாதார அளவையியலும் படிக்க வேண்டும். கணக்கில் விடை கண்டுபிடிப்பது போதாது, நிரூபணம் எழுத வேண்டும். பொறியியல் படித்த நமக்கு வகைநுண்கணிதம் வரும், அதன் அடிப்படைகளை நிரூபித்துக் காட்டும் மெய்ப்பகுப்பாய்வு வராது. வருவதற்கு முன்பே அதை ஒரு பருவமாவது படித்துவிட்டு வாருங்கள். தகுதித் தேர்வைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, படித்தால் தேறலாம்.

2010 மே 6ஆம் தேதி பிற்பகலில் டோ ஜோன்ஸ் குறியீடு சில நிமிடங்களுக்குள் ஏறத்தாழ 1,000 புள்ளிகள் சரிந்து, அதே வேகத்தில் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டது. அந்த இடைவெளியில் ஆக்சென்ச்சர் நிறுவனத்தின் பங்கு ஒரு சென்ட்டுக்குக் கைமாறியது. ஒரு நிறுவனத்தின் மதிப்பில் எந்த மாற்றமும் இல்லாதபோது அதன் பங்கை வாங்க ஆளில்லாமல் போவது எப்படி என்பதை ஆராயும் துறைக்குச் சந்தை நுண்ணமைப்பு என்று பெயர். வாங்குபவர் தரும் விலைக்கும் விற்பவர் கேட்கும் விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஏன் உண்டாகிறது, யாருக்குப் போகிறது என்பதுதான் இதன் அடிப்படைக் கேள்வி. 1994இல் கிறிஸ்டி, ஷுல்ட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் நாஸ்டாக் சந்தையில் அதிகம் வர்த்தகமான 100 பங்குகளை எடுத்துக்கொண்டு பார்த்தபோது, அவற்றில் 70 பங்குகளில் விலைகள் டாலரின் எட்டில் ஒன்று, எட்டில் மூன்று போன்ற ஒற்றைப்படைப் பின்னங்களில் அநேகமாகக் குறிக்கப்படுவதே இல்லை என்று கண்டார்கள். இரட்டைப்படைப் பின்னங்கள் மட்டும் என்றால் வித்தியாசம் கால் டாலருக்குக் குறையாது. தரகு நிறுவனங்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு வித்தியாசத்தைப் பெரிதாக வைத்திருக்கின்றனவோ என்ற ஐயம் எழுந்தது. அமெரிக்க அரசின் நீதித் துறையும் பங்குச் சந்தை ஆணையமும் விசாரணையில் இறங்கின. ஒரு பேராசிரியர் மேசையில் அமர்ந்து போட்ட அட்டவணை கோடிக்கணக்கான முதலீட்டாளர்களின் செலவைக் குறைக்க முடியும் என்பது எனக்குப் பெரிய மயக்கத்தைத் தந்தது. அந்த மயக்கம் இன்றும் முழுவதுமாகத் தெளிந்துவிடவில்லை.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பது பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரிலிருந்து வரும் மாணவர்கள் பலர் சந்தையை வெல்லும் சூத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து அதையே ஆய்வேடாக்கலாம் என்ற நினைப்போடு வருகிறார்கள். அந்தப் பாதையில் கூட்டம் மிக அதிகம். பங்குகளின் வருவாயை விளக்குவதாகச் சொல்லி அதுவரை வெளியான 316 காரணிகளைப் பட்டியலிட்ட ஹார்வி, லியூ, ஷூ ஆகியோர், இத்தனை பேர் ஒரே தரவைத் துழாவியிருக்கும்போது ஒரு முடிவு தற்செயலானதா என்று பார்க்கும் வழக்கமான அளவுகோலான டி மதிப்பு 2 போதாது, 3ஐத் தாண்ட வேண்டும் என்று 2016இல் எழுதினார்கள். அதே ஆண்டில் மெக்லீன், பான்டிஃப் ஆகியோர் 97 காரணிகளைச் சோதித்து, ஆய்வுக்காலத்துக்கு வெளியே அவற்றின் வருவாய் 26 விழுக்காடும், கட்டுரை அச்சான பிறகு 58 விழுக்காடும் குறைந்துவிடுகிறது என்று காட்டினார்கள். இன்று ஒரு புதிய சூத்திரத்தோடு போனால் மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது, தேடித் தேடி அகப்பட்டதை எடுத்து வந்திருக்கிறீர்களா என்பதுதான். அதற்குப் பதில் இல்லாதவர்கள் வேறு கேள்வியைத் தேடுவது நல்லது.

நான் தேர்ந்தெடுத்த கேள்வியில் கூட்டம் இல்லை. தரவில்தான் சிக்கல் இருந்தது. காலாண்டு முடிவுகள் வெளியாகும் நாள்களில் சிறு நிறுவனங்களின் பங்குகளை வாங்கி விற்க எவ்வளவு செலவாகிறது என்பதை அளந்தேன். இதற்குப் பயன்பட்டது நியூயார்க் பங்குச் சந்தை வெளியிடும் டாக் என்ற தரவுத்தொகுப்பு. அமெரிக்கச் சந்தைகளில் நடந்த ஒவ்வொரு வர்த்தகமும், தரப்பட்ட ஒவ்வொரு விலையும் அதில் இருக்கும். அப்போது அதில் இரண்டு வகை இருந்தன. மலிவான மாதாந்திரத் தொகுப்பில் நேரம் நொடிக் கணக்கில் இருந்தது. விலை உயர்ந்த நாள்வாரித் தொகுப்பில் மில்லிநொடிக் கணக்கில் இருந்தது. ஒரு வர்த்தகம் 10 மணி 31 நிமிடம் 17ஆம் நொடியில் நடந்தது என்றால், அதே நொடிக்குள் விலை பல முறை மாறியிருக்கலாம். வர்த்தகம் நடந்த கணத்தில் நிலவிய விலை எது என்று தெரியாவிட்டால் அது வாங்குபவரால் நடந்ததா விற்பவரால் நடந்ததா என்று சொல்ல முடியாது, செலவையும் கணக்கிட முடியாது. 1991இல் லீ, ரெடி ஆகியோர் தந்த விதி, வர்த்தகத்துக்கு ஐந்து நொடி முன்பு இருந்த விலையோடு ஒப்பிடச் சொன்னது. மனிதர்கள் கையால் பதிவுசெய்த காலத்துக்கு அது பொருந்தியது. கணினிகள் ஒரு நொடிக்குள் நூறு முறை மனம் மாறும் காலத்துக்குப் பொருந்தவில்லை.

என் ஆய்வேடு முழுவதும் மாதாந்திரத் தொகுப்பின் மீது கட்டப்பட்டது. என் பல்கலைக்கழகத்தில் இருந்தது அதுதான். அக்காலத்தில் பெரும்பாலோர் பயன்படுத்தியதும் அதுதான். 2014இல் ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ் இதழில் ஹோல்டன், ஜேக்கப்சன் ஆகியோரின் கட்டுரை வெளியாயிற்று. வேகமான சந்தைகளில் மாதாந்திரத் தொகுப்பைக் கொண்டு அளக்கும் செலவு மெய்யான செலவிலிருந்து பெரிதும் விலகிப்போகிறது என்று அவர்கள் ஐயத்துக்கிடமின்றிக் காட்டினார்கள். விலை உயர்ந்த தொகுப்பை வாங்க முடியாதவர்களுக்காகத் திருத்த முறை ஒன்றையும் சேர்த்தே தந்தார்கள், அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் ஆய்விதழ்களின் மதிப்பீட்டாளர்கள் அந்தத் திருத்தத்தோடு நிறைவடையவில்லை. நாள்வாரித் தொகுப்பில் மறுபடியும் செய்து காட்டுங்கள் என்றே ஒவ்வொரு கடிதமும் முடிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் அந்தச் சந்தா இல்லை. அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்று துறைத் தலைவர் சொன்னார். அடுத்த ஆண்டும் அதையே சொன்னார். கடைசியில், சந்தா உள்ள வேறொரு பல்கலைக்கழகத்தின் மூத்த பேராசிரியர் ஒருவரை இணையாசிரியராகச் சேர்த்துக்கொண்டுதான் வேலை நடந்தது. அண்மை ஆண்டுகளுக்கான என் முடிவுகள் பாதியாகச் சுருங்கின, முன்னாண்டுகளுக்கானவை மாறாமல் நிலைத்தன. ஆனால் தனி ஆசிரியரின் கட்டுரை கூட்டுக் கட்டுரையாகிவிட்டது, அதில் எந்தப் பகுதி உன்னுடையது என்ற கேள்வி பின்னாளில் டென்யூர் குழுவின் அறிக்கையில் வந்து நின்றது.

அந்தச் சந்தாவை நான் எப்போது கேட்டிருக்க முடியும் என்றால், வேலை கைக்கு வந்து கையெழுத்திடாமல் இருந்த அந்த இரண்டு வாரங்களில்தான். அக்காலத்தில் நிதியியல் வேலைச் சந்தை ஜனவரி முதல் வாரத்தில் நடக்கும் அமெரிக்க நிதியியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில்தான் கூடும். 2014இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடியபோது பனிப்புயலால் பாதி விமானங்கள் வரவில்லை. ஓட்டல் அறைகளிலேயே நேர்முகம் நடக்கும். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு நான்கு பேராசிரியர்கள் அமர்ந்திருப்பார்கள், அரை மணி நேரத்தில் ஐந்தாண்டு உழைப்பைச் சொல்லி முடிக்க வேண்டும், பிறகு ஈரக் காலணியோடு அடுத்த ஓட்டலுக்கு ஓட வேண்டும். (கொரோனாவுக்குப் பிறகு இவையெல்லாம் காணொளிக்கு மாறிவிட்டன, நுரையீரலுக்கு நல்லது.) தேறியவர்களைப் பல்கலைக்கழகங்கள் ஒரு நாள் வரவழைத்துப் பேசச் சொல்லும். வேலை தருவதாகச் சொன்ன பிறகு முடிவெடுக்க இரண்டு வார அவகாசம் தருவார்கள். நான் அந்த இரண்டு வாரத்தில் சம்பளத்தை மட்டும் பேசிச் சிறிது உயர்த்திக்கொண்டேன். உடன் படித்த நண்பர்களும் அதைத்தான் பேசினார்கள். பேச வேண்டியவை வேறு. எந்தெந்தத் தரவுச் சந்தாக்கள் இருக்கின்றன, இல்லாதவற்றை எந்த ஆண்டுக்குள் வாங்குவார்கள், முதல் இரண்டு ஆண்டுகளில் எத்தனை பாடங்கள், கோடைக்கால ஆய்வு உதவி எத்தனை ஆண்டுகளுக்கு, கிரீன் கார்டு விண்ணப்பத்தை எந்த மாதத்தில் தொடங்குவார்கள் ஆகியவற்றை மின்னஞ்சலிலாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கையெழுத்திட்ட மறுநாளிலிருந்து இவை ஒவ்வொன்றும் துறைத் தலைவரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தவை ஆகிவிடும்.

கோடைக்கால உதவி என்பது விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்கப் பேராசிரியரின் சம்பளம் ஒன்பது மாதத்துக்கானது. நிதியியல் துறையினருக்கு, வால் ஸ்ட்ரீட்டோடு போட்டி போட வேண்டியிருப்பதால், மற்றத் துறையினரைவிடக் கூடுதலாகவே தருகிறார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோடை மாதங்களுக்கு ஆய்வு உதவியாக வழக்கமாகத் தரும் ஒன்பதில் இரண்டு பங்கு முதல் சில ஆண்டுகளுக்கே உறுதியளிக்கப்படும், அதன் பிறகு கட்டுரை வெளியானால்தான் தொடரும். எனக்கு அது நான்காம் ஆண்டில் நின்றது. அதே நேரத்தில் செலவுகள் ஏறின. இத்துறையின் முதன்மை இதழ்கள் மூன்று: ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ், ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ், ரிவ்யூ ஆஃப் ஃபைனான்ஷியல் ஸ்டடீஸ். ஒவ்வொரு முறையும் கட்டுரையை அனுப்பவே நூற்றுக்கணக்கான டாலர் கட்டணம், நிராகரித்தாலும் திரும்பாது. துறையின் ஆய்வு நிதி தீர்ந்த பிறகு இக்கட்டணங்களும் மாநாட்டுப் பயணங்களும் என் கையிலிருந்தே போயின. இரண்டையும் கூட்டினால் பத்தாயிரம் டாலருக்குக் குறையாது. நின்றுபோன கோடைச் சம்பளம் அதைவிடப் பல மடங்கு.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஆறாண்டுக் கெடு என்றால் ஆறு ஆண்டுகள் கிடைக்கும் என்று பொருள் இல்லை. ஆறாம் ஆண்டின் வசந்த காலத்தில் முடிவு சொல்ல வேண்டுமானால், வெளிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் கருத்துக் கடிதங்கள் இலையுதிர் காலத்துக்குள் வந்தாக வேண்டும், அதற்கு உங்கள் கோப்பு ஐந்தாம் ஆண்டின் இறுதியிலேயே போயாக வேண்டும். ஆக உள்ளவை ஐந்து ஆண்டுகள். முதல் சுற்று மதிப்பீட்டுக்கு மூன்று முதல் ஆறு மாதம். இம்மூன்று இதழ்களும் வரும் கட்டுரைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவே ஏற்கின்றன, ஆகவே முதல் இதழ் நிராகரிக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கிட வேண்டும். இரண்டாவது இதழில் திருத்தி அனுப்பச் சொன்னால் திருத்த ஓராண்டு, மறு மதிப்பீட்டுக்கு அரையாண்டு, இரண்டாம் திருத்தத்துக்கு மீண்டும் அரையாண்டு. எழுதி முடித்த கட்டுரைக்கே மூன்று ஆண்டுகள் போய்விடும். எழுதி முடிக்க இரண்டு ஆண்டுகள். அப்படியென்றால் டென்யூருக்குக் கணக்கில் வரும் கட்டுரைகள் நீங்கள் வேலைக்குச் சேரும் நாளிலேயே ஏறத்தாழ எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் தோன்றும் அருமையான எண்ணம் அடுத்த வேலைக்குத்தான் பயன்படும். இதைச் சொன்னால் மூத்தவர்கள், ஆப்ஷன் என்னும் விருப்பத்தேர்வு ஒப்பந்தங்களின் விலையைக் கணக்கிடப் பிளாக், ஷோல்ஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையையே இரண்டு இதழ்கள் முதலில் நிராகரித்தன, 1973இல்தான் வெளியாயிற்று, மனம் தளராதே என்பார்கள். ஆறுதலாகச் சொல்லப்படும் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். நிராகரித்த இதழ்களில் ஒன்றுக்கு சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களான ஃபாமாவும் மில்லரும் பரிந்து பேசிய பிறகுதான் அது அங்கே வெளியானது என்ற மறுபாதியை அவர்கள் சொல்வதில்லை. எனக்காகப் பேச அப்படி எவரும் இல்லை.

மூன்றாம் ஆண்டில் எனக்கும் ஓர் அருமையான எண்ணம் தோன்றத்தான் செய்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2016 அக்டோபரில் சிறு நிறுவனங்களின் பங்குகளில் ஏறத்தாழ 1,200ஐக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவற்றின் விலை ஒரு சென்ட் படியாக நகர்வதற்குப் பதிலாக ஐந்து சென்ட் படியாக நகர வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு சோதனையை நடத்தியது. என் துறைக்கு இதைவிடத் தூய்மையான பரிசோதனை கிடைப்பது அரிது. டிசம்பரில் தொடங்கினேன், இரவெல்லாம் நிரல் எழுதினேன், எங்கள் குழந்தை அப்போது ஒரு வயது நிரம்பாதவள். 2017 கோடையில், அச்சாகும் முன்பே ஆய்வுக் கட்டுரைகளைப் பதிவேற்றும் எஸ்எஸ்ஆர்என் தளத்தைத் திறந்தால் அதே சோதனையைப் பற்றி வாரந்தோறும் ஒரு கட்டுரை வந்துகொண்டிருந்தது. என் மையக் கேள்விக்கே பதில் சொல்லும் கட்டுரை ஒன்றும் அதில் இருந்தது. எழுதியவர்களிடம் ஆய்வு உதவியாளர்கள் இருந்தார்கள். அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் வாகன நிறுத்துமிடத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அரசு முன்கூட்டியே அறிவித்துச் செய்யும் சோதனை ஊரறிந்த புதையல். அதைத் தோண்ட வேண்டுமானால் மற்றவர்களிடம் இல்லாத ஏதேனும் ஒன்று, கையால் திரட்டிய தரவோ ஒரு நிறுவனத்தின் உள் ஆவணமோ, உங்களிடம் இருக்க வேண்டும். அக்கட்டுரையை வேறு கோணத்தில் திருப்பி இரண்டாம் நிலை இதழ் ஒன்றில் வெளியிட்டேன். டென்யூர் குழு அதை அரைக் கட்டுரையாகத்தான் எண்ணியது.

விசாக் கதை தனி. பேராசிரியர் பணிக்கு நடந்த தேர்வையே அடிப்படையாக வைத்து, மறு விளம்பரம் இல்லாமல், கிரீன் கார்டுக்கு முதற்படியான தொழிலாளர் துறைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் சலுகை பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. ஆனால் உங்களைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் அதைச் செய்தாக வேண்டும். மூன்றாம் ஆண்டு மதிப்பாய்வு முடிந்த பிறகே கிரீன் கார்டு வேலையைத் தொடங்குவோம் என்பது என் பல்கலைக்கழகத்தின் கொள்கை. 18 மாதங்கள் போய்விட்டன. மறுபடி விளம்பரம் செய்து 2018இல்தான் விண்ணப்பம் போயிற்று. சான்றிதழுக்கு விண்ணப்பித்த நாள்தான் கிரீன் கார்டு வரிசையில் நம் இடம். 2022 கோடையில் உயர்பட்டம் பெற்றவர்களுக்கான இரண்டாம் பிரிவில் இந்தியர்களின் வரிசை 2014 டிசம்பர் தொடக்கம்வரை நகர்ந்தது. சேர்ந்த பருவத்திலேயே விண்ணப்பித்திருந்தால் அன்று என் முறை வந்திருக்கும். இதைவிட வலித்தது என் மனைவியின் வேலை. சென்னையில் ஒரு வங்கியில் அதிகாரியாக இருந்தவர் அவர். எச்1பி விசாவில் இருப்பவரின் துணைவர் வேலை செய்ய 2015இல் அனுமதி வந்தது. ஆனால் அதற்கு, சான்றிதழுக்குப் பிறகு பல்கலைக்கழகம் தாக்கல் செய்யும் என் குடியேற்ற மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அது 2019இல்தான் நடந்தது. “ஏங்க, அவங்க ஒரு தாளை அனுப்பாம வெச்சிருக்கிறதுக்கு நான் ஏங்க வீட்ல உக்காந்திருக்கணும்?” என்று ஒருநாள் கேட்டார். நான்கு ஆண்டுச் சம்பளம் போனதை எண்ணிச் சொல்லிவிடலாம். அந்த இடைவெளியைத் தாண்டி அவர் மறுபடி வேலை தேடியபோது பட்டதை எண்ண முடியாது. எந்த மாதத்தில் விண்ணப்பிப்பார்கள் என்று எழுதி வாங்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

2020 வசந்த காலத்தில் முடிவு வந்தது. முதன்மை இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை, இரண்டாம் நிலை இதழ்களில் இரண்டு, முதன்மை இதழில் இரண்டாம் சுற்றில் நிற்கும் ஒன்று என்பது என் கணக்கு. நிற்பதைக் கணக்கில் எடுக்க இயலாது என்று கடிதம் சொன்னது. பல்கலைக்கழகம் மூடப்பட்டு எல்லோரும் வீட்டில் இருந்த வாரம் அது. கதவை மூடிக்கொண்டு அழக்கூட வீட்டில் தனியறை இல்லை. அப்பா பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு ஆண்டு தகுதிகாண் பருவம், பிறகு பணிவரன்முறை என்பது அவர் அறிந்த உலகம். “என்னப்பா, ரெகுலர் பண்ணிட்டாங்களா?” என்று தொலைபேசியில் ஆறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த வாரமும் கேட்டார். இல்லப்பா என்றேன். சற்று நேரம் ஒன்றும் சொல்லாமல், “சாப்ட்டியா?” என்றார். சக ஊழியர்களில் பலர் என்ன பேசுவதென்று தெரியாமல் பேசுவதையே விட்டுவிட்டார்கள். அதை அப்போது அவமதிப்பாக எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இரண்டாம் சுற்றில் நின்ற கட்டுரை அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஏற்கப்பட்டது. அந்த மின்னஞ்சலைப் படித்தபோது மகிழ்ச்சி வரவில்லை, வெறுப்புதான் வந்தது.

டென்யூர் மறுத்தால் வழக்கமாக ஓராண்டு இறுதிப் பணிக்காலம் தருவார்கள். அந்த ஆண்டில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்தன. வேலை முடிந்தால் எச்1பிகாரருக்கு 60 நாள் அவகாசம்தான் என்பது தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது செய்தவற்றில் பயன் தந்தவை இரண்டு. முதலாவது, மறுக்கப்பட்டதை மறைக்காமல், மாநாடுகளில் என் கட்டுரைகளை விமர்சித்தவர்களுக்கு நேரடியாக எழுதினேன். இன்றைய வேலை அப்படிக் கிடைத்த ஒரு பதிலிலிருந்து வந்தது. என்னை ஒருமுறை கடுமையாக விமர்சித்தவர்தான் அந்தப் பதிலை எழுதினார். இரண்டாவது, கணக்கு மூடப்படும் முன்பே நிரல்கள் அனைத்தையும் ஒழுங்குபடுத்தி எடுத்து வைத்தேன். தரவு உரிமம் பல்கலைக்கழகத்துக்கு உரியது, நீங்கள் போனால் அது உங்களோடு வராது. ஆனால் தரவை மறுபடி எங்கே பெற்றாலும் ஒரே இரவில் அட்டவணைகளை மீட்டெடுக்கும்படி நிரல் இருந்தால் ஓராண்டு மிச்சமாகும். சம்பளம் கால் பங்கு குறைந்தது. பாடங்கள் பருவத்துக்கு மூன்றாயின. புதிய பல்கலைக்கழகம் மனுவை மீண்டும் தாக்கல் செய்தது. முந்தைய மனு ஏற்கப்பட்டிருந்ததால் 2018ஆம் ஆண்டு வரிசை இடம் மட்டும் கைவிட்டுப் போகவில்லை.

இப்போது நானே ஆள் எடுக்கும் குழுவில் அமர்கிறேன். விண்ணப்பதாரர்களிடம் நான் சொல்வது, எந்தப் பள்ளிக்குப் போனாலும் கடந்த பத்து ஆண்டுகளில் அங்கே சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள் ஒவ்வொருவரும் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள் என்பதே. பழைய துறைப் பக்கங்களும் அவர்களின் தன்விவரக் குறிப்புகளும் எல்லோரும் பார்க்கும்படிதான் இருக்கின்றன. ஒரு மாலை நேர வேலை. பாதிப் பேர் காணாமல் போயிருந்தால் நேர்முகத்திலேயே காரணம் கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். சென்ற பருவத்தில் ஒரு பெண் எங்களிடம் தரவுச் சந்தா, கோடை உதவி, விண்ணப்பம் போகும் மாதம் ஆகிய மூன்றையும் எண் போட்டு மின்னஞ்சலில் கேட்டிருந்தார். குழுவில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பள்ளி முதல்வர் மூன்றுக்கும் அந்த வாரத்துக்குள் எழுத்தில் பதில் அனுப்பினார், சந்தாவுக்கான தொகையையும் ஒதுக்கினார். அதை இப்போது நானும் பயன்படுத்துகிறேன்.